முதுகுவலியும் மூத்திரப் பரிசோதனையும்



“டிரெசர் ஐயா, மரம் வெட்டுற முதுகு வலிக்கத்தானே செய்யும்? ரெண்டு மாத்திரை குடுங்க, போதும்.”

58 வயது அண்ணன் ஒருவர் இப்படித்தான் என்னிடம் வருவார். நானும் வலி மாத்திரை கொடுத்தேன். ஒரு நாள் அவருடைய சிறுநீரில் சோதனைக் குச்சியைத் தோய்த்துப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. “புரதம் இல்லை அண்ணே, பயப்படாதீங்க” என்று அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து முகம் வெளுத்து, மூச்சு வாங்க வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தபோது அதே சிறுநீரில் புரதம் நிறைய இருந்தது.

குச்சி பொய் சொல்லவில்லை. அது அல்புமின் என்னும் புரதத்தைத்தான் நன்றாகக் காட்டும். அண்ணனுக்கு இருந்தது வேறு புரதம்.

நம் எலும்பு மஜ்ஜையில் நோயை எதிர்க்கும் புரதங்களைச் செய்கிற உயிரணுக்கள் பல வகை உண்டு. அவற்றில் ஒன்று கெட்டு, லாலாங் புல் மண்டுவதுபோலத் தன் இனத்தையே பெருக்கினால், ஒரே மாதிரிப் புரதம் இரத்தத்தில் குவியும். எலும்பு அரிக்கும், இரத்தம் குறையும். இதுவே மயலோமா என்னும் இரத்தப் புற்றுநோய். அந்தப் புரதத்தின் சிறு துண்டுகள் சிறுநீரில் இறங்கி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும்.

1845-இல் இலண்டன் மளிகைக்காரர் ஒருவரின் சிறுநீரில் இதை ஆராய்ந்தவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் மருத்துவர். கொதிக்கவைத்தால் கரையும், ஆறினால் மறுபடி திரியும்! இன்று ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் செலுத்திப் புரதங்களைப் பிரிக்கிறார்கள். ஒரே மாதிரிப் புரதம் தனிக் கோடாக நிற்கும். கூடவே இரத்தமும் சோதிப்பார்கள்.

டாக்டர் 24 மணி நேரச் சிறுநீர் கேட்டால், ஓய்வு நாளில் சேகரியுங்கள். ஞாயிறு காலை 6 மணிக்குப் போகும் முதல் நீரைக் கொட்டிவிடுங்கள். அதன்பின் பகலும் இரவும் போகும் ஒவ்வொரு துளியையும் ஆஸ்பத்திரி கொடுத்த கேனில் ஊற்றுங்கள். திங்கள் காலை 6 மணி நீரையும் சேர்த்து முடியுங்கள். கேன் குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும். நடுவே ஒரு தடவை மறந்தாலும் கணக்கு தப்பிவிடும். மறந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதுகு வலிப்பவர்க்கெல்லாம் இந்த நோய் என்று நினைக்கவேண்டாம், இது அபூர்வம்தான். இந்தப் புரதம் இருந்தாலும் சிலருக்குக் கண்காணிப்பே போதும். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்க்கு ஓயாத எலும்பு வலியோடு களைப்பு, சோகை, அடிக்கடி காய்ச்சல், அதிக தாகம் சேர்ந்து வந்தால் குச்சியோடு நிற்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேளுங்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். பழுதான சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். சம்பளம் போகுமே என்று தயங்கவும் வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தருகிறது.

அந்த அண்ணன் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். நோய் அடங்கியிருக்கிறது, சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. அந்த மூன்று மாதத்தை என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியாது. உங்களுக்காவது முன்கூட்டிச் சொல்லிவிட்டேன்.