காட்டில் சக்கரத் தடம்... ஏரியில் மண் மேடு!

'எங்கள் ஊர் ஏரிக்கு மேலே காப்புக்காட்டுக் குன்று இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் ஜீப்புகளும் பெரிய மோட்டார் சைக்கிள்களும் அதில் ஏறி இறங்குகின்றன. மழை பெய்தால் ஏரிக்கு வரும் தண்ணீர் செம்மண் குழம்பாக வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? யாரிடம் சொல்வது?' என்று மறைமலை நகருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தொடர்பு நிச்சயமாக உண்டு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 909 ஏரிகள் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றிய ஏரிகள் தனி. ஆற்றுப் பாசனம் குறைவான இந்தப் பகுதியில் நவரைக்கும் சொர்ணவாரிக்கும் ஏரிதான் ஆதாரம். அந்த ஏரிகளில் பல, குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் பெய்யும் மழையை நம்பி வெட்டப்பட்டவை. களா, காரை, சூரை என்று முள்ளும் புதருமாகக் கிடக்கும் காட்டைப் பார்த்து 'இது என்ன காடு?' என்று கேட்பவர்கள் உண்டு. மழைத்துளி மண்ணில் நேராக மோதாமல் தடுப்பதும், தண்ணீரை நிதானமாக வரத்துக்காலுக்கு அனுப்புவதும் அந்தப் புதர்தான்.

வண்டி செய்யும் ஊர், வண்டி ஓட்டும் காடு

ஒரகடம், வல்லம் வடகால், மறைமலை நகர் என்று நீளும் தொழிற்சாலைப் பகுதியில் கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளும் உருவாகின்றன. ராயல் என்ஃபீல்டின் தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. 2020-ல் வந்த புதிய 'தார்' ஜீப்பின் பொறியியல் பணியைச் செய்த மகிந்திரா ஆராய்ச்சி மையம், செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தொழிற்சாலைகள்தான் சோறு போடுகின்றன. ஆகவே வண்டி மேல் நமக்குப் பகை இல்லை.

வண்டியின் பலத்தைச் சோதிக்கத் தனி இடங்களும் இருக்கின்றன. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்துக்குச் சோதனை ஓடுபாதை உண்டு. மகிந்திரா நிறுவனம் செய்யாறு பக்கம் தனி ஓடுபாதை அமைத்திருக்கிறது. நிறுவனங்கள் பல ஏக்கரில் களம் அமைத்துச் செய்கிற வேலையை, வண்டி வாங்கியவர் ஓய்வு நாளில் ஏரி உள்வாயிலும், மேய்க்காலிலும், காப்புக்காட்டு ஓரத்திலும் செய்து பார்ப்பதுதான் சிக்கல். மண் லாரிகள் போட்ட திருட்டுப் பாதை ஏற்கெனவே இருந்தால், அதே வழியில் இவர்களும் ஏறிவிடுகிறார்கள்.

ஒரு கிலோமீட்டர் தடம் என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு சக்கரத் தடமும் ஓர் அடி அகலம், அதாவது 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இரண்டு தடம், ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் 600 சதுர மீட்டர். சக்கரம் ஏறிய மண் இறுகி, தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளிவிடும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தத் தடத்தில் மட்டும் 30,000 லிட்டர் விழுகிறது. முன்பு புதரடியில் ஊறிய தண்ணீர், இப்போது தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு சரிவில் பாய்கிறது.

பாயும் தண்ணீர் மண்ணை அறுக்கும். தடம் 10 சென்டிமீட்டர் ஆழம் அறுபட்டால் 60 கன மீட்டர் மண் போகும். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 21 யூனிட். அப்படிப் பத்துத் தடம் இருந்தால் 600 கன மீட்டர். அதில் பாதி மட்டும் ஏரிக்கு வந்து சேர்ந்தாலும், 3 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை மண் பிடித்துக்கொள்ளும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 5 சென்டிமீட்டர் உயரம் ஒரு தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, ஒன்றரைத் தண்ணீர் நட்டம். அது ஒரு வருடத்தோடு தீருவதில்லை. தூர் வாரும் வரை ஒவ்வொரு போகத்துக்கும் அந்த நட்டம் உண்டு. நவரையில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'வண்டல் வந்தால் நல்லதுதானே?' என்று கேட்கலாம். புல் தரையில் வடிந்து வரும் நயமான வண்டல் வேறு, தடம் அறுத்துக்கொண்டு வரும் சரளை வேறு. சரளை வெகுதூரம் போகாது. வரத்துக்கால் ஏரியில் சேரும் வாயிலேயே மேடு தட்டும். மேடு தட்டிய கால் உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் பாயும். அதோடு வந்த மெல்லிய சேறு மதகின் முகத்தை அடைக்கும்.

காவலுக்கு ஆள் எங்கே?

தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன் 21-வது பிரிவின்படி, காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதே குற்றம். சட்டம் தெளிவு. ஆனால், ஒரு வனக்காப்பாளர் பல குன்றுகளையும் பல ஊர் எல்லைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைச் சாலையிலிருந்து பத்து இடங்களில் வண்டி உள்ளே திரும்பினால் அவர் எந்தப் பக்கம் போவார்?

ஒரு காலத்தில் ஊரே காவலாக இருந்தது. 1997-ல் ஜப்பான் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. காட்டை ஒட்டிய ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, கன்று நடவு, சுழல்நிதிக் கடன் என்று வேலையும் பணமும் வந்தன. காட்டில் புகை தெரிந்தால் ஊரார் ஓடினார்கள். இரண்டாம் கட்டமும் 2013-ல் முடிந்தது. பணம் நின்றதும் பல ஊர்களில் குழுக் கூட்டமும் நின்றது. வரத்துக்கால் சீரமைக்கும் ஊரக வேலையிலும் இதே கதைதான். 2025 தொடக்கத்தில், தமிழகத்துக்கு வர வேண்டிய நூறு நாள் வேலைக் கூலி 1,056 கோடி ரூபாய் நிலுவையில் இருப்பதாக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அறுக்கும் வேலை ஞாயிறு தவறாமல் நடக்கிறது. அடைக்கும் வேலை பணம் வந்தால்தான் நடக்கிறது.

மற்ற இடங்களில் என்ன வழி?

நடந்து போகிறவர்களுக்கு நம் மாநிலத்தில் ஒழுங்கு வந்துவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 வழித்தடங்கள் திறக்கப்பட்டன. முன்பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டி எல்லாம் அதில் உண்டு.

வண்டிக்கு அமெரிக்காவின் அனுபவம் பாடமாக இருக்கும். கலிபோர்னியா மாநிலம் 1971-லேயே இதற்கென்று சட்டம் போட்டது. கரடுமுரடுப் பாதை வண்டிகளின் பதிவுக் கட்டணத்தையும், எரிபொருள் வரியில் ஒரு பங்கையும் தனி நிதியாக்கி, அதிலிருந்து பாதையைப் பராமரிக்கவும் அறுபட்ட மண்ணைச் சீராக்கவும் செலவிடுகிறார்கள். 2005-ல் அந்த நாட்டு வனத் துறை, எந்தப் பாதையில் வண்டி போகலாம் என்று ஒவ்வொரு தேசியக் காட்டிலும் குறித்துக் கொடுக்கச் சொன்னது. அங்கும் பணத் தட்டுப்பாடு உண்டு. 2025 பிப்ரவரியில் சுமார் 3,400 வனத் துறை ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆள் குறைந்தால் குறித்த பாதையைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியாது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஓட்டுகிறவர் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் மண்ணைச் சீராக்கப் போக வேண்டும், அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடத்தில் வண்டி நுழையக் கூடாது. நம் பக்கத்துச் சின்னச் சின்னக் காடுகள் ஏரிகளின் தலைமாட்டில் இருப்பவை. அவற்றில் வண்டிப் பாதையே வேண்டாம் என்பது என் கருத்து. ஆசைப்படுகிறவர்களுக்கு, ஏரிக்கு வடிகால் இல்லாத இடத்தில் கட்டணக் களம் அமைக்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனச்சரக அலுவலர். மேய்க்கால் புறம்போக்கு என்றால் வட்டாட்சியர். ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம்.

2. வண்டி எண் தெரியும்படி படம் எடுத்து, தேதி, நேரம், இடம் குறித்து எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வண்டியை மறித்துச் சண்டை போட வேண்டாம்.

3. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கூட்டம் இதற்குப் பொருத்தமானது. வண்டி நுழையும் இடங்களில் அகழி அல்லது கல் தூண், வரத்துக்கால் சீரமைப்பு ஆகிய இரண்டையும் தீர்மானத்தில் எழுதுங்கள். மாட்டு வண்டியும் டிராக்டரும் போகும் பழைய பாதை அடைபடாமல் இருக்க, அதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

4. புறம்போக்கில் அறுபட்ட தடத்தை ஊராட்சியின் ஒப்புதலோடு சரிசெய்யலாம். சரிவுக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கல் வரப்பு போட்டால் தண்ணீர் தடத்தை விட்டுப் பக்கத்துப் புதருக்குள் திரும்பும். இறுகிய மண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்தி, மழைக்கு முன் கொழுக்கட்டைப்புல் விதை தூவுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத் துறை அனுமதி இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். சக்கரம் ஏறாமல் விட்டாலே அங்கே புதர் மெல்லத் திரும்பிவிடும்.

இதையொட்டி வந்த வேறு இரண்டு கேள்விகள்

கேள்வி: ஜீப் ஓட்டும் களத்துக்காக என் 3 ஏக்கர் தரிசை வாடகைக்குக் கேட்கிறார்கள். தரலாமா?

பதில்: உங்கள் நிலம், உங்கள் விருப்பம். ஆனால், விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். ஏரிக்கோ பக்கத்து வயலுக்கோ வடிந்தால் தராதீர்கள். தருவதானால், தாழ்ந்த மூலையில் மண் தேங்கும் குட்டை வெட்டுவது அவர்கள் பொறுப்பு என்றும், நிலத்தைச் சீராக்க முன்பணம் தர வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். திரும்பப் பயிர் வைக்கும்போது, கோடையில் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உழுது, ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட வேண்டும். அந்தச் செலவையும் வாடகைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: வண்டியைப் பற்றிப் புகார் கொடுத்தால், காட்டில் எங்கள் ஆடு மாடு மேய்வதையும் தடுத்துவிடுவார்களோ?

பதில்: நியாயமான பயம். காப்புக்காட்டில் அனுமதியின்றி மேய்ப்பதும் அதே 21-வது பிரிவில்தான் வருகிறது. காப்புக்காடு அறிவிக்கப்பட்டபோது உங்கள் ஊருக்கு வழி, மேய்ச்சல் உரிமை ஏதும் ஒப்புக்கொள்ளப்பட்டதா என்று வன அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். இருளர் குடும்பங்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபை வழியாகக் கோரிக்கை வைக்க வழி உண்டு. புகார் கொடுக்கிற ஊர், தன் உரிமையையும் அதே மனுவில் கேட்கலாம். பேசாமல் இருந்தால் மேய்ச்சலும் நிலைக்காது, ஏரியும் தூர்ந்துபோகும்.