கல்லூரி தந்த பந்து, ரயில்வே தந்த சோறு

பெண்கள் கூடைப்பந்தில் ஒரு கல்லூரி பெயர் வாங்குவது எளிது. அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால் படிப்பு முடிந்த பிறகும் வீராங்கனைக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

மும்பையில் கூடைப்பந்து என்றதும் நினைவுக்கு வருவது நாக்பாடா. அமெரிக்க மிஷனரி கிளிஃபர்ட் மான்ஷார்ட் 1927-இல் அங்கே தொடங்கிய ‘நெய்பர்ஹுட் ஹவுஸ்’ என்ற சமூக நிலையத்தைச் சுற்றி வளர்ந்தது அந்த ஆட்டம். இந்திய அணியின் கேப்டனாக இருந்த அப்பாஸ் முந்தசிர் போன்றவர்கள் அந்த நெரிசலான தெருக்களிலிருந்து வந்தவர்கள். ஆனால் நாக்பாடாவின் புகழ் பெரும்பாலும் ஆண்களின் புகழ்தான்.

பெண்களின் பாதை வேறு. அது பள்ளியில் தொடங்கி, கல்லூரி விடுதி வழியாகப் போய், பெரும்பாலும் ரயில்வே வேலையில் சேர்கிறது. இந்தப் பாதையின் சிறந்த உதாரணம் கேரளத்தில் இருக்கிறது.

கோட்டயம் மாவட்டம் சங்கனாச்சேரியில் உள்ள அசம்ப்ஷன் கல்லூரி, கத்தோலிக்கத் திருச்சபையினர் நடத்தும் பெண்கள் கல்லூரி. விளையாட்டில் அதற்கென்று ஒரு மரபு உண்டு. 6 அடி 2 அங்குல உயரமுள்ள கீத்து அன்னா ஜோஸ் இங்கே படித்தவர். தெற்கு ரயில்வே அவருக்கு வேலை கொடுத்தது. 2006 முதல் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்காக ஆடினார். அங்கே கிளப் கூடைப்பந்து ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2011-இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. லீகைச் சேர்ந்த சிகாகோ, லாஸ் ஏஞ்சலீஸ், சான் அன்டோனியோ என மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாசல்வரை அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் போனதில்லை. 2014-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

சென்னையின் அனிதா பால்துரை இதே பாதையில் வந்த இன்னொருவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம்., தெற்கு ரயில்வேயில் வேலை. இருபது வயது நிரம்பும் முன்பே இந்திய அணியின் கேப்டன். தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடினார். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பி, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவை வென்ற அணியில் இடம்பெற்றார். 2021-இல் பத்மஸ்ரீ.

இப்படிப்பட்டவர்கள் உருவாவது எப்படி? முதலில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம். கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு. காலையும் மாலையும் பயிற்சி. பிறகு கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. அதில் கவனம் பெற்றால் பல்கலைக்கழக அணி. பல்கலைக்கழகங்கள் மண்டல வாரியாக மோதுகின்றன: சென்னை தெற்கு மண்டலம், மும்பை மேற்கு மண்டலம். மண்டலத்தில் முன்னணியில் வரும் அணிகளே அகில இந்தியச் சுற்றுக்குப் போகும். ஆள் தேடும் நிறுவனங்களின் கண்ணில் படும் இடமும் அதுதான். அதனால்தான் தேசியப் போட்டிகளில் பல ஆண்டுகளாக இந்திய ரயில்வே மகளிர் அணி ஆதிக்கம் செலுத்துகிறது. மாநிலங்கள் வளர்த்த பெண்களில் பலர் கடைசியில் ரயில்வே சீருடையில்தான் ஆடுகிறார்கள்.

மும்பையில் இந்தச் சங்கிலி விடுதியிலேயே அறுந்துவிடுகிறது. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே இந்தியன் ஜிம்கானாவிலும் டான் பாஸ்கோ பள்ளியிலும் கூடைப்பந்துக் களங்கள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. ஆனால் இந்த நகரத்து மாணவிகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். செம்பூரிலிருந்து வரும் பெண் காலை ஆறரைப் பயிற்சிக்கு ஐந்து மணிக்கே எழ வேண்டும். மாலைப் பயிற்சி முடித்துக் கூட்ட நேர ரயிலில் திரும்பினால் வீட்டில் கேள்விகள் காத்திருக்கும். கூடவே மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை திறந்தவெளி சிமென்ட் களங்கள் பல நாள் வழுக்கும். கல்லூரி திறந்து புதிய அணி தேர்வாகும் மாதங்களும் அவைதான். கூரை போட்ட களம் இங்கே ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை.

வசதியில்லாமலே வென்ற கல்லூரிகளும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னஞ்சிறு மகளிர் கல்லூரி இமாகுலாட்டா. 1967-இல் அதன் உள்ளரங்கம் தீக்கிரையானது. 1972-இல் முதல் தேசியக் கல்லூரிப் போட்டிக்குத் தகுதி பெற்றபோது பயணத்துக்குப் பணமில்லை. வீராங்கனைகள் பல்துலக்கும் பிரஷ் விற்று நிதி திரட்டினார்கள். அப்படியும் எட்டுப் பேரை மட்டுமே அனுப்ப முடிந்தது. சில நாட்களுக்கு முன் தங்களை 32 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கிய வெஸ்ட் செஸ்டர் அணியை இறுதியாட்டத்தில் 52-48 என்று வீழ்த்திக் கோப்பையோடு திரும்பினார்கள். 1973, 1974 ஆண்டுகளிலும் கோப்பை அவர்களுக்கே. கன்னியாஸ்திரீகள் பக்கெட்டுகளைத் தட்டி ஆரவாரம் செய்தது அந்த விளையாட்டின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

ஆனால் அதே 1972-இல்தான் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்கள் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற அந்தச் சட்டம் விளையாட்டையும் தொட்டது. பெரிய பல்கலைக்கழகங்கள் வீராங்கனைகளுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. சிறிய கல்லூரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. இமாகுலாட்டா பின்தங்கியது, ஆனால் ஆட்டம் வளர்ந்தது. அந்த அணியில் ஆடிய சிலர் மற்ற பல்கலைக்கழகங்களில் புகழ்பெற்ற பயிற்சியாளர்களானார்கள். 2024-இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர். ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

அங்கே சட்டம் செய்த வேலையை இங்கே ரயில்வே வேலைவாய்ப்பு ஓரளவு செய்திருக்கிறது. இந்தியப் பெண்கள் 2013-இல் பாங்காக்கில் ஆசிய அளவில் ஐந்தாம் இடம் பிடித்ததற்குப் பின்னால் அந்த மாதச் சம்பளம் இருக்கிறது. ஆனால் ஒலிம்பிக் வாசலை இந்திய மகளிர் அணி இதுவரை மிதித்ததில்லை. ஒரு துறையின் ஆள்சேர்ப்பையே நம்பி நிற்கும் விளையாட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலைக்கான இடங்கள் குறையும் ஆண்டில் கல்லூரி ஆடுகளமும் மெல்ல வெறிச்சோடும். பெண்ணை விளையாட அனுப்பும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “இதனால் என்ன கிடைக்கும்?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் குறை சொல்ல முடியாது.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு கல்லூரி அசம்ப்ஷன் போல் பெயரெடுக்க நினைத்தால் செய்ய வேண்டியவை எவை என்பதில் ரகசியமில்லை. மழை நனைக்காத களம் ஒன்று, ஐந்தாண்டுகளாவது மாறாமல் இருக்கும் பயிற்சியாளர் ஒருவர், தூரத்திலிருந்து வரும் பெண்களுக்குப் பத்துப் படுக்கைகள் கொண்ட விடுதி. கூடவே, படிப்பு முடிக்கும் வீராங்கனைக்கு வேலை தர மும்பையில் தலைமையகம் வைத்திருக்கும் வங்கிகளும் நிறுவனங்களும் முன்வர வேண்டும். பந்தைப் பிடிக்கத் தெரிந்த பெண்களுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. அவர்கள் இருபது வயதில் அதைக் கீழே வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி.