நரிக்கு ஏற்ற தோட்டா

ஆசிரியத் தொழிலில் இருப்பவனிடம் எந்தச் சந்தேகத்தை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் தீர்மானித்து வெகு காலமாகிறது. பத்திரத்தில் உள்ள வில்லங்கம், பையனுக்கு ஏற்ற கல்லூரி, பெண்ணுக்கு வந்திருக்கும் வரன் எல்லாமே என் வீட்டுத் திண்ணைக்கு வந்து போயிருக்கின்றன. ஆனாலும் சென்ற மார்கழியில் என் பழைய மாணாக்கர் ஒருவர் வந்து கேட்ட கேள்வி சற்றுப் புதுமையானது.

"ஐயா, நரியைச் சுடுவதற்கு எந்தத் தோட்டா நல்லது?"

அவர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே கரிசல் பூமியில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடுகிறவர். பத்துப் பன்னிரண்டு ஆடுகளும் உண்டு. காலஞ்சென்ற தகப்பனாரின் ஒற்றைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கியை, முறைப்படி உரிமம் பெற்று, தம் பேருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் இரவு பட்டியில் புகுந்த ஏதோ ஒரு மிருகம் மூன்று குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டது. மனைவி அழுதிருக்கிறார். இவர் துப்பாக்கியை எடுத்துத் துடைத்திருக்கிறார். அமெரிக்க வேட்டைக்காரர்கள் கொயோட்டி என்னும் நரியினத்து மிருகத்தைச் சுடுவதற்குத் தனித் தோட்டாக்கள் வைத்திருக்கிறார்கள் என்றும் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். பௌதிகம் கற்பித்தவரிடம் யோசனை கேட்டுப் போகலாம் என்று வந்துவிட்டார்.

"சட்டம் இடம் கொடுக்காது, போய் வாருங்கள்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். இருபது வருஷத்துக்கு முன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கேள்வி கூடக் கேட்காத பையன் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறான். பதில் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தோட்டாவின் வேலை என்ன? மிருகத்தின் உடலுக்குள் புகுந்து, தன் வேகம் முழுவதையும் அங்கேயே செலவிட்டு, அங்கேயே நின்றுவிட வேண்டும். மறுபக்கம் துளைத்துக்கொண்டு போய்விட்டால் மிருகம் துடித்துக்கொண்டே ஓடிப் புதரில் சாகும். குண்டோ அடுத்த வயலைத் தேடிப் போகும். ஆகையால்தான் கொயோட்டி வேட்டைக்காரர்கள் கனத்த குண்டை விரும்புவதில்லை. மூன்றரை கிராம் எடைதான் இருக்கும். வேகமோ விநாடிக்கு மூவாயிரம் அடிக்கு மேல், ஒலியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் இருக்கும். முனை மிருதுவாக இருக்கும். உள்ளே புகுந்ததும் சிதறிவிடும், வெளியே வராது.

இந்த மிருதுமுனைக் குண்டின் பிறப்பிடம் அமெரிக்கா அல்ல என்று சொன்னதும் மாணாக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம் டம்மில்தான் 1890-களில் வெள்ளைக்காரப் படையின் ஆயுதச்சாலையில் அதைச் செய்தார்கள். எல்லைப்புறத்துப் பதான்களை முழு உறையுள்ள குண்டு நிறுத்தவில்லையாம். ஆகவே முனையில் ஈயம் வெளியே தெரியும்படி விட்டார்கள். உடலுக்குள் அது பூப்போல் விரிந்து பெருங்காயம் உண்டாக்கியது. 1899-ல் ஹேக் நகரத்துச் சமாதான மகாநாடு, யுத்தத்தில் இவ்விதக் குண்டை உபயோகிக்கலாகாது என்று பிரகடனம் செய்தது. வேட்டையிலோ அதுவே இன்றைக்கும் முறையான குண்டு. மிருகம் சீக்கிரம் சாகிறது அல்லவா? டம் டம்முக்குத் தோட்டாச் சரித்திரத்தில் இன்னொரு பெருமையும் உண்டு. கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய வதந்தி 1857 ஜனவரியில் முதலில் கிளம்பியதும் அந்த ஊர்ப் பாசறையில்தான். அதன் பின்விளைவை வாசகர்கள் அறிவார்கள்.

"நம்மிடம் இருப்பது ரைபிள் இல்லையே ஐயா?" என்றார் மாணாக்கர். மெய்தான். நம் தேசத்தில் குடியானவன் வீட்டில் இருக்கக்கூடியது பெரும்பாலும் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, இல்லாவிட்டால் ரவை போட்டுச் சுடும் பன்னிரண்டு போர். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஜனங்களைப் படும் பாடு படுத்திற்று. 1887-ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையில் பிபின் சந்திர பாலர் அதை எதிர்த்து முழங்கினார். ஒரு தேசத்து மக்கள் அனைவரையும் நிராயுதபாணிகளாக்கிய அந்தச் சட்டத்தை, ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களில் மிகக் கொடியதாகச் சரித்திரம் கருதும் என்று, அகிம்சையே உயிராக வாழ்ந்த காந்தியடிகள் 1918-ல் எழுதினார். சுதந்திர இந்தியாவின் 1959-ம் வருஷத்துச் சட்டத்தில், மெய்யாகவே பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்கிறவனுக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு போரில் ரவையின் அளவுதான் கேள்வி. ஆறாம் நம்பர் ரவை ஓர் அவுன்சுக்கு 270 இருக்கும். கௌதாரிக்கு ஆகும், நரியின் தோலுக்கு ஆகாது. எல்.ஜி. என்பது அவுன்சுக்கு ஆறே குண்டுகள், பன்றிக்காக ஏற்பட்டது. இடையிலே பி.பி., அவுன்சுக்கு எழுபது. நம் நரி எட்டுப் பத்துக் கிலோ எடையுள்ள பிராணி. அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அதற்கு பி.பி.யைத்தான் எடுத்தார்கள், அதுவும் முப்பது நாற்பது கஜத்துக்குள். நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சிலர் சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு வாங்கிப் போடுகிறார்கள். அது மகா பைத்தியக்காரத்தனம். எஃகு நசுங்காது, கல்லில் பட்டால் வந்த வேகத்தில் திரும்பும்.

திரும்பும் என்பதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என்னோடு ஆறாம் வகுப்பில் படித்த ஒருவன் மாடு மேய்க்கப் போன இடத்தில், யாரோ நரிக்கு வைத்த குறி சுண்ணாம்புக்கல்லில் பட்டுத் தெறித்து அவன் முழங்காலில் ஏறியது. சுட்டவர் யாரென்று ஊருக்கே தெரியும்; கேட்பார் இல்லை. அவன் இன்றைக்கும் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான்.

நம் இரண்டு ஜில்லாக்களின் நில அமைப்பைச் சற்று மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். மேற்கே பச்சைமலை; அதை விட்டால் கொள்ளிடக் கரை வரையில் சமதரையாகத்தான் கிடக்கிறது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்து சுண்ணாம்புக்கல்லாக இறுகிய பூமி. அரியலூர்ப் பக்கத்தில் தோண்டினால் சங்கும் சிப்பியும் கல்லாகி வருகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் தப்பிய குண்டை வாங்கிக்கொள்ள மண்மேடு ஏது? பி.பி. ரவை முந்நூறு கஜத்துக்கு மேலும் போகும். எல்.ஜி. அதைப் போல் இரண்டு மடங்கு. ரைபிள் குண்டானால் ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். மக்காச்சோளமோ ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது. அதற்குள் தண்ணீர் பாய்ச்சுகிறவன் இருக்கிறானா, களை எடுக்கிறவள் இருக்கிறாளா என்று இருட்டில் யார் கண்டார்கள்? எந்தத் தோட்டா என்பதற்கு முன்னால், நரிக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேட்கவேண்டியிருக்கிறது.

மறுவாரம் இருவருமாகப் பெரம்பலூர் ஜில்லா எறையூருக்குப் போனோம். அங்கே நரிக்குறவர் குடியிருப்பில் வயோதிகர் ஒருவர் எனக்குப் பழக்கம். வாக்ரி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இந்தச் சமூகத்தார் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையையும் பார்த்தவர்கள், காட்டையும் பார்த்தவர்கள். பழங்குடியினர் பட்டியலில் இவர்களைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. பெரியவரிடம் தோட்டாப் பிரச்னையைச் சொன்னோம். சிரித்தார்.

"நரியைத் தேடிப்போனா கிடைக்காது சாமி. அது நம்மைத் தேடி வரணும்" என்று சொல்லி, கையை வாயருகே குவித்து ஊளையிட்டார். பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தெருநாய்கள் எழுந்து நின்றன. கொயோட்டி வேட்டைக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள், குழல் ஊதி முயலின் கதறலை எழுப்பி. உலகின் இரண்டு கோடியிலும் ஒரே தந்திரம்! "இப்ப கூப்பிட்டா வர்றதுக்கு நரி எங்கே இருக்குது சாமி?" என்று அவர் பிறகு சொன்னது எங்கள் இருவரையும் மௌனமாக்கிற்று.

நரி குறைந்ததால்தான் மயில் பெருகி விதையைப் பொறுக்குகிறது என்று எங்கள் குடியானவர்கள் சொல்வதுண்டு. முட்டையும் குஞ்சும் தின்கிற பிராணி குறைந்தால் அப்படி நேர்வது சாத்தியமே. எலியும் நண்டும் அதற்கு அன்றாட ஆகாரம். கரும்பையும் நிலக்கடலையையும் கடிக்கிறது, உண்மை; ஆனால் வரப்பில் எலி வளையை எண்ணினவன் அந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொயோட்டியைச் சுட்டார்கள், பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள். மேற்குச் சமவெளியில் இருந்த அந்தப் பிராணி குறையவில்லை. இப்போது கீழ்க் கடற்கரை நகரங்கள் வரையில் பரவியிருக்கிறது. நம் நரிக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதவில்லை என்று தோன்றுகிறது.

ஈயத்தின் கதை இன்னொன்று. அரியலூர் ஜில்லாவில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 1999-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே இறங்குகின்றன. நீர்ப்பறவைகள் தானியத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் வழக்கமுள்ளவை. சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்று விழுங்குகின்றன. அது வயிற்றில் கரைந்து நஞ்சாகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் நீர்நிலைகளில் தடுத்துவிட்டது. காயம்பட்டு ஓடிச் செத்த மிருகத்தைத் தின்னும் கழுகுக்கும் இதே கதிதான்.

கடைசியாகச் சட்டம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நரியை வேட்டையாடுவது குற்றம். 2022-ல் செய்த திருத்தத்தில் அது புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணைக்கே வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம். பயிரைத் தின்றது, ஆட்டைத் தின்றது என்ற காரணம் செல்லாது. மாணாக்கர் இதைக் கேட்டு, "முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். சொல்லியிருந்தால் எறையூருக்கு வந்திருப்பாரா?

திரும்பும் வழியில் அவர் பட்டியைப் போய்ப் பார்த்தோம். பெரியவர் சொல்லியனுப்பிய குறிப்பின்படி தரையைப் பரிசோதித்தேன். நரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். மூன்றைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகாது. ஈர மண்ணில் இருந்த தடங்கள் அகலமானவை, பல. சாலையோரத்தில் கோழிக்கழிவைக் கொட்டுகிற இடத்தில் கூட்டமாகத் திரியும் நாய்களின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"அடுத்தபடி நாய்க்கு எந்தத் தோட்டா என்று கேட்கப் போகிறார், பாருங்கள்" என்றார் வாசற்படியில் நின்ற அவர் மனைவி.

குட்டிகளை இரவில் அடைக்க மூங்கிலால் பின்னிய குடாப்பு ஒன்று வாங்கினார்கள். பட்டியைச் சுற்றி வேலிமுள்ளுக்குப் பதில் கம்பிவலை. ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியை வேலியோரம் எறியாமல் ஆழப் புதைக்கிறார்கள். தை பிறந்து மாசியும் முடிந்தது. ஒரு குட்டியும் போகவில்லை.

தகப்பனார் வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டியையும் அன்றைக்கே திறந்து பார்த்தோம். ஏழு தோட்டாக்கள், காகித உறை போட்ட பழைய ரகம். ஒன்றை எடுத்துக் குழலில் வைத்தார். ஈரத்தில் ஊறிப் பருத்திருந்தபடியால் பாதிகூட உள்ளே போகவில்லை. மறுநாள் அவற்றைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனபோது நானும் உடன் போனேன். ரைட்டர் எழுதிக்கொண்டே, "எதற்காக ஒப்படைக்கிறீர்கள்?" என்று கேட்டார். இத்தனை நாள் பேசிய பௌதிகம், சரித்திரம், சட்டம் எல்லாவற்றையும் மாணாக்கர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "நுழையவில்லை, ஸார்" என்றார்.