நாணயச் சந்தையில் முதலடி வைப்போருக்கு

அண்மைக் காலமாக நம் இளைஞர் பலரின் நாவில் ‘போரெக்ஸ்’ என்னும் சொல் நடமாடுகின்றது. வீட்டில் அமர்ந்தபடியே டொலரை வாங்கிப் பவுணை விற்று, ஒரு மாதச் சம்பளத்தை ஒரே நாளிற் சம்பாதிக்கலாம் என்று விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. உத்தியோகம் பார்க்கும் மகன் இதில் இறங்க விரும்பினால், பெற்றோர் அவனைத் தடுப்பதற்கு முன்னரோ பணம் கொடுப்பதற்கு முன்னரோ, இவ்வியாபாரத்தின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நன்று.

முன்பேர வியாபாரம் வீண் சூதாட்டமாகப் பிறந்ததன்று. 1730ஆம் ஆண்டில் யப்பானின் ஒசாகா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தை அரசாங்க அங்கீகாரம் பெற்றது. பின்னால் வரும் விலையை எண்ணி அஞ்சியவர்கள் அதனை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள அச்சந்தை வழிசெய்தது. டொலருக்குப் பொன் மாற்றிக் கொடுப்பதை 1971இல் அமெரிக்கா நிறுத்தியபின், நாணயங்களின் பெறுமதி தளம்பத் தொடங்கிற்று. அதனால் 1972இல் சிக்காகோவில் நாணயங்களுக்கும் முன்பேரச் சந்தை தோன்றியது. ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கு இது ஒரு காப்பு. 2022இல் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியதைக் கண்ட நமக்கு, அக்காப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், காப்புத் தேடாது இலாபம் மாத்திரம் தேடுபவனின் நிலை வேறு. 1,000 டொலரை ஈடாகப் பெற்றுக்கொண்டு, 100,000 டொலர் பெறுமதியான நாணயத்தை வாங்கத் தரகர் சிலர் இடமளிப்பர். விலை நூற்றுக்கு ஒன்று ஏறினால் முதல் இரட்டிக்கும்; நூற்றுக்கு ஒன்று இறங்கினாலோ முதல் முழுவதும் போய்விடும். அகலக் கால் வைக்காதே என்று மூத்தோர் சொன்னது இதற்கே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புச் சபை, 2018இல் பிரதான நாணயங்களுக்கு இப்பெருக்கத்தை முப்பது மடங்காகக் கட்டுப்படுத்தியது. விலை வித்தியாச ஒப்பந்தங்களில் ஈடுபட்ட சிறு முதலீட்டாளரின் நூறு கணக்குகளில் 74 முதல் 89 வரை நட்டமடைந்தன என்பதும் அப்போது வெளியாயிற்று.

இவ்வளவும் அறிந்த பின்னும் இறங்க விரும்புவோர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இழந்தாலும் குடும்பம் தளராத பணத்தை மாத்திரமே இடுக. பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணமும், நகையை அடகு வைத்துப் பெற்ற பணமும் இதற்கு உரியவை அல்ல.

இரண்டாவது, சில மாதங்கள் பயிற்சிக் கணக்கில் பழகுக. ஏன் வாங்கினேன், ஏன் விற்றேன் என்பதை ஒவ்வொரு தடவையும் கொப்பியில் எழுதுக. காரணம் எழுத இயலாத வியாபாரம் வெறும் ஊகமே.

மூன்றாவது, ஒரு வியாபாரத்தில் முதலின் நூற்றிலொரு பங்குக்கு மேல் இழக்கத் துணியாதிருத்தல். பத்திலொரு பங்கை இழந்தவன், எஞ்சியதில் நூற்றுக்கு ஏறக்குறையப் பதினொன்று இலாபம் பெற்றால் மீளலாம். பாதியை இழந்தவனோ எஞ்சியதை இரட்டிக்க வேண்டும். குறித்த விலையில் விற்றுவிடுமாறு முன்கூட்டியே கட்டளை இடலாம். எனினும் அதனையே முற்றாக நம்பலாகாது. 2015 ஜனவரி 15ஆந் திகதி, சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி யூரோவுக்கு வைத்திருந்த வரம்பைத் திடீரென நீக்கியபோது, பிராங்கின் விலை சில நிமிடங்களில் பாய்ந்தேறியது. கட்டளைகள் குறித்த விலையில் நிறைவேறவில்லை. இட்ட பணத்துக்கு மேலும் கடனாளியானோர் பலர்.

நான்காவது, ஒப்பந்தம் முடியும் திகதியை அறிந்திருத்தல். 2020 ஏப்ரல் 20ஆந் திகதி, மறுநாள் முடியவிருந்த அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தம் ஒரு பீப்பாய்க்குப் பூச்சியத்துக்கும் கீழே 37.63 டொலருக்கு இறங்கிற்று. எண்ணெயை ஏற்று வைக்க இடமில்லாதோர், பணம் கொடுத்தேனும் அதனைக் கைகழுவ நேர்ந்தது.

ஐந்தாவது, சட்டம். இலங்கையில் வாழ்வோர், 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் எதனை அனுமதிக்கின்றது என்பதை முதலில் வங்கியிற் கேட்டறிக. மாதந்தோறும் நிச்சய இலாபம் தருவதாகச் சொல்பவரிடம் பணத்தை ஒப்படைக்க வேண்டாம். நிச்சயம் என்பது இச்சந்தையில் எவரிடமும் இல்லாத சரக்கு.

இறுதியாக ஒன்று. வைத்த தொகையையும் இழந்த தொகையையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். நட்டத்தை மனைவியிடமோ தாயிடமோ மறைக்கத் தோன்றும் நாளே, அவ்வியாபாரத்தை நிறுத்த வேண்டிய நாள்.