மே 13: இரண்டு பேர் மேஜரான நாள்

அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகளை விரும்பிக் கேட்பவர்களுக்கு மே 13 இரட்டைப் பிறந்தநாள். 1943-ல் அன்றுதான் மேரி வெல்ஸ் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். 1950-ல் அதே தேதியில், அதே மிச்சிகன் மாநிலத்தின் சாகினாவில் ஸ்டீவி வொண்டர் பிறந்தார். ஆண்டுதோறும் ரசிகர்கள் இருவருக்கும் சேர்த்தே ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுக் கேட்பார்கள். கம்பெனிக்காரர்களுக்கோ அவர்கள் பிறந்த ஆண்டுகளைவிட, அவர்களுக்கு 21 வயது நிறைந்த ஆண்டுகள்தான் மறக்க முடியாதவை. 1964 மே 13. அப்புறம் 1971 மே 13. இரண்டு முறையும் கம்பெனியின் கைப்பிடியில் இருந்த ஒரு குரல் சட்டப்படி நழுவியது.

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் கணக்கும் வரும், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் இந்த 21. அப்போது மிச்சிகனில் ஒருவர் மேஜர் ஆக 21 வயது நிறைய வேண்டும். அதற்கு முன் கையெழுத்துப் போட்டால் அவர் மைனர். நம் ஊரில் மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது; அதைப் பற்றிப் பேசவே இடமில்லை. அமெரிக்காவில் பொதுவாக அப்படி இல்லை. அங்கே மைனர் விரும்புகிறவரை ஒப்பந்தம் நிற்கும், வேண்டாம் என்றால் விழும். எதிர்த்தரப்பில் இருக்கும் பெரியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் மைனர் மேஜரானதும், நியாயமான காலத்துக்குள் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பழையபடி பாடிக்கொண்டும் காசு வாங்கிக்கொண்டும் இருந்தால், பெரியவராகி ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம். அதனால்தான் பிறந்தநாளுக்கு இத்தனை மதிப்பு. கதவு அன்று திறக்கும். ரொம்ப நாள் திறந்திருக்காது. கலிஃபோர்னியா மட்டும் ஹாலிவுட் குழந்தை நட்சத்திரங்களுக்காக வேறு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. நீதிபதி பார்த்து ஒப்புதல் தந்துவிட்டால், பிறகு வயதைக் காட்டி அந்த ஒப்பந்தத்தை உதற முடியாது. டெட்ராய்ட்டில் நடந்ததோ பழைய வழிதான்.

இனி கம்பெனி. ஃபோர்டின் லிங்கன்-மெர்குரி ஆலையில் வேலை பார்த்த பெரி கோர்டி, குடும்பத்தார் சேர்த்து வைத்திருந்த பொது நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி, 1959 ஜனவரி 12 அன்று டாம்லா என்ற பெயரில் தொடங்கியது அது. வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648 எண் வீட்டை வாங்கி, அதிலேயே ஸ்டுடியோ அமைத்து, முகப்பில் ‘ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்று பலகை மாட்டினார். தட்டு வெளியிடும் கம்பெனி அவருடையது. பாடல்களின் உரிமையை வைத்திருந்த ஜோபெட் என்ற நிறுவனமும் அவருடையது. பாடகர்களுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுத்து, அவர்கள் விவகாரங்களைக் கவனித்த மேனேஜ்மென்ட் நிறுவனமும் அவருடையதே. பாடகருக்காகப் பேரம் பேச வேண்டிய ஆளும், யாரிடம் பேரம் பேச வேண்டுமோ அந்த ஆளும் ஒரே வீட்டுக்காரர். கோர்டியைக் கொடியவராகக் காட்டுவது என் நோக்கமில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் கடன் வாங்கி உருவாக்கி, நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு கேட்கும்படி செய்த கம்பெனி அது; அந்தச் சாதனை பெரிது. ஆனால் காகிதத்தைப் பார்த்தால் காகிதம் இப்படித்தான் இருந்தது.

காகிதத்தில் என்ன கிடைக்கும்? அக்காலத்தில் புதுப் பாடகருக்கு 3 சதவீத ராயல்டி என்பது அதிசயமில்லை. அதுவும் விற்ற தட்டுகளில் 90 சதவீதத்துக்கு மட்டுந்தான். மிச்சம் 10 எங்கே? அரக்குத் தட்டுகள் வழியில் உடைந்துபோன காலத்தில் சேதாரத்துக்காகக் கழித்தது. உடையாத வினைல் வந்த பிறகும் அந்தக் கழிவு மட்டும் உடையாமல் நின்றது. ஒரு தட்டின் விலை 75 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீதம், அதற்கு 3 சதவீதம் என்றால் கைக்கு வருவது ஏறக்குறைய 2 சென்ட். பத்து லட்சம் தட்டு விற்றால் சுமார் 20,000 டாலர். அதிலிருந்து ஒலிப்பதிவுச் செலவைக் கழிப்பார்கள். பதிவு செய்து வெளியிடாமல் பெட்டியில் போட்ட பாட்டின் செலவும் பாடகர் கணக்கில்தான் ஏறும். குழுவாகப் பாடினால் மீதியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

மேரி வெல்ஸ் 1960-ல் 17 வயதில் கையெழுத்திட்டார். பாடகியாக வேண்டும் என்று அவர் கோர்டியைத் தேடிப் போகவில்லை. தான் எழுதிய ‘பை பை பேபி’ பாட்டைப் பாடகர் ஜாக்கி வில்சனுக்காகக் கொடுக்கத்தான் போனார். நீயே பாடு என்றார் கோர்டி. நாலே ஆண்டுகளில் அவர்தான் கம்பெனியின் முதல் பெரிய பாடகி. ஸ்மோக்கி ராபின்சன் எழுதித் தயாரித்த ‘மை கய்’ 1964 மார்ச்சில் வந்தது. மே 13 அன்று வெல்ஸுக்கு 21 நிறைந்தது. மே 16 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் ‘மை கய்’ முதலிடம். அமெரிக்க வானொலிகளில் பீட்டில்ஸைத் தவிர வேறு பேச்சில்லாத வருடம் அது. அந்த வருடத்து இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் பீட்டில்ஸோடு அவர் சுற்றுப்பயணமே போனார்.

உச்சியில் இருந்த அந்த நேரத்தில்தான், மைனராகப் போட்ட கையெழுத்து என்னைக் கட்டாது என்று அவர் தரப்பு சொன்னது. 20த் செஞ்சுரி ஃபாக்ஸ் லட்சக்கணக்கான டாலர் அட்வான்ஸோடு காத்திருப்பதாகவும், சினிமா வாய்ப்பு உண்டு என்றும் பேச்சு. வழக்கு, சமரசம் என்று இழுத்து, கடைசியில் விடுதலை கிடைத்தது. பிறகு ஃபாக்ஸில் வெளியிட்ட பாட்டு எதுவும் பாப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வரவில்லை. அடுத்து ஆட்கோ கம்பெனிக்குப் போனார். அங்கும் பழைய உயரம் எட்டவில்லை.

நன்றி கெட்டதனம், பேராசை, கணவர் ஏற்றிவிட்ட பேச்சு என்றெல்லாம் இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. கம்பெனி பக்கத்து வாசலில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. முதலிடத்தில் இருந்த பாடகி, தன் பங்கு என்ன என்று கேட்டதில் என்ன பேராசை? அவருக்கு வாய்க்காமல் போனது வேறு. ‘மை கய்’ பாட்டை எழுதிய ராபின்சன் மோடவுனின் துணைத் தலைவர். அவர் வெளியே வரப்போவதில்லை. பின்னணி வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கம்பெனியின் ஆட்கள். அந்த ஒலியைத் தந்த அறை அந்த வீட்டுக்குள் இருந்தது. பேர் போன ஓட்டலில் பரிமாறியவர் வெளியே போய்க் கடை போட்டால், அடுக்களை பழைய இடத்திலேயேதானே இருக்கும்? சட்டம் அவரை விடுவித்தது. அடுக்களையைப் பெயர்த்துக் கொடுக்க அதற்குச் சக்தி இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மோடவுனின் சுப்ரீம்ஸ் குழு தன் முதல் ‘நம்பர் ஒன்’ பாட்டைப் பெற்றது. அடுக்களைக்குப் பரிமாற ஆள் கிடைத்துவிட்டார்கள்.

ஏழு ஆண்டு கழித்து வந்தது அடுத்த மே 13. ஸ்டீவி வொண்டர் 1961-ல், 11 வயதில், டாம்லாவுக்கு வந்தவர். மிராக்கிள்ஸ் குழுவின் ரோனி வைட்தான் அவரைக் கம்பெனிக்கு அழைத்துப் போனார். 1963-ல், 13 வயதில், ‘ஃபிங்கர்டிப்ஸ்’ முதலிடம் பிடித்தது. சம்பாத்தியம் அறக்கட்டளையில் சேர்ந்துகொண்டிருந்தது. பையனுக்குக் கையில் கிடைத்தது சின்னப் பாக்கெட் மணி. அவருக்கு 21 நிறையும்போது கோர்டி குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறியிருந்தது. பிறந்தநாள் விருந்துக்கு டெட்ராய்ட் வந்து, கொண்டாடிவிட்டு ஊர் திரும்பினால், எல்லா ஒப்பந்தங்களும் ரத்து என்ற வக்கீல் கடிதம் காத்திருந்ததாகக் கோர்டி பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். அறக்கட்டளையிலிருந்து வந்த தொகை சுமார் 10 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய அரசியல் சட்டத் திருத்தம் அதே 1971 ஜூலையில் நிறைவேறியது. மேஜர் ஆகும் வயதையும் மிச்சிகன் 1972 ஜனவரி 1 முதல் 18 ஆக்கிவிட்டது. 21-க்காகக் காத்திருந்த கடைசி மிச்சிகன்காரர்களில் வொண்டரும் ஒருவர்.

இப்போது அடுக்களைக்கு வருவோம். வொண்டர் உடனே இன்னொரு கம்பெனியைத் தேடி ஓடவில்லை. மே மாதக் கடைசியில் நியூயார்க்கில் மால்கம் செசில், ராபர்ட் மார்குலெஃப் என்ற இருவரிடம் போனார். அவர்கள் டோன்டோ என்ற பிரம்மாண்டமான சிந்தசைசரைக் கட்டி வைத்திருந்தவர்கள். அதில் அவர்கள் செய்த தட்டைக் கேட்டுவிட்டுத்தான் அவர் தேடிப் போனார். டிரம்ஸ், கிளாவினெட், ஹார்மோனிகா எல்லாம் அவரே வாசிப்பார். தாளவாத்தியத்திலிருந்து பேஸ் வரை ஒரு மனிதரும் ஒரு இயந்திரமும் போதும் என்றால், டெட்ராய்ட் வீட்டின் வாத்தியக்காரர்கள் எதற்கு? ஸ்டுடியோ வாடகையைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். இதுதான் நுட்பமான இடம். ஒலிப்பதிவுக்கு யார் பணம் கட்டுகிறாரோ, டேப் அவர் கையில் இருக்கும். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேரத்துக்கு உட்காருபவரும், எதிர்காலத்தில் பாடப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டு உட்காருபவரும் ஒன்றல்ல.

பேரத்துக்கு அவர் உட்கார்ந்தது யாரோடு என்று நினைக்கிறீர்கள்? அதே மோடவுனோடுதான். 120 பக்கம் என்று பேசப்படும் அந்த ஒப்பந்தத்தில் ராயல்டி உயர்ந்தது. பாடல் உரிமைக்கு பிளாக் புல் என்ற சொந்த நிறுவனம் வந்தது. என்ன பதிவு செய்வது, எப்படி என்பதும் அவர் கைக்கு வந்தது. 1972 மார்ச்சில் ‘மியூசிக் ஆஃப் மை மைண்ட்’ வந்தது. பிறகு ‘டாக்கிங் புக்’, ‘இன்னர்விஷன்ஸ்’. 1974, 1975, 1977 என்று மூன்று முறை ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. நடுவில் 1976-ல் அந்த விருதை வாங்கிய பால் சைமன், இந்த வருடம் ஆல்பம் வெளியிடாமல் இருந்ததற்காக வொண்டருக்கு மேடையிலேயே நன்றி சொன்னார்.

கோர்டி 1988-ல் மோடவுனை எம்.சி.ஏ. நிறுவனத்தாரிடம் 6.1 கோடி டாலருக்கு விற்றார். விற்க வேண்டுமானால் வொண்டரின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனையும் அவரது ஒப்பந்தத்தில் இருந்தது. சம்மதம் வாங்கித்தான் விற்றார். ஆனால் பாடல்களின் உரிமையை வைத்திருந்த ஜோபெட்டை அப்போது கொடுக்கவில்லை. 1997-ல் ஜோபெட்டில் பாதியை மட்டும் இ.எம்.ஐ.க்குக் கொடுத்தபோது கிடைத்தது 13.2 கோடி டாலர். பாட்டுக் கம்பெனி முழுசையும் விற்று வந்ததைவிட, பாட்டெழுதிய காகிதத்தின் பாதி இரு மடங்குக்கு மேல் போனது.

மேரி வெல்ஸ் அதைப் பார்க்க இல்லை. 1990-ல் தொண்டைப் புற்றுநோய் கண்டு, மருத்துவச் செலவில் வீட்டை இழந்து, டயானா ராஸ் உள்ளிட்ட பழைய சகாக்கள் உதவி செய்தும், 1992 ஜூலை 26 அன்று 49 வயதில் இறந்துபோனார். ‘மை கய்’ இன்றும் அமெரிக்க ஏஎம், எஃப்எம் வானொலிகளில் ஒலிக்கிறது. அங்கே ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் எழுதியவருக்கும் உரிமை வைத்திருப்பவருக்கும் காசு போகும். பாடியவருக்கு அந்த வானொலிகள் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. அந்நாட்டுச் சட்டம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.