'நான் செய்தேன்' என்று சொல்லப் பழகுவோம்

பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை கேட்பதற்கென்று ஒரு முறை இருந்தது. ஒப்பிஸ் வாசலில் தலை குனிந்து நின்று, "ஐயா பார்த்துச் செய்யணும்" என்று சொல்ல வேண்டும். துரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் திமிர் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படியே பழகினோம். 1983 கலவரத்திலும் அதற்குப் பிந்திய யுத்த காலத்திலும் வாய் திறக்காமல் இருப்பதே உயிருக்குக் காவலாகவும் இருந்தது.

இன்று நமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். பதுளையிலேயே 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் உருவானது. மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்லும் கனவும் சிலருக்கு உண்டு. படிக்கப் போன இடத்தில் வேலை தேடும்போது, இங்கே நம்மைக் காத்த அந்த அடக்கமே அங்கே தடையாகிவிடலாம். மகளையோ தங்கையையோ அனுப்ப எண்ணும் சகோதரிகள் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

சுயவிபரக்கோவை

நாம் தகப்பன் பெயர், பிறந்த திகதி, மதம், விவாக நிலை எல்லாம் எழுதிப் படமும் ஒட்டுவோம். அங்கே இவை எதுவும் வேண்டாம். இனம், நிறம், மதம், பால், பிறந்த தேசம் ஆகியவற்றைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதை 1964 ஆம் ஆண்டுச் சிவில் உரிமைகள் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருப்பதால் பாகுபாடு அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் கணவரை இழந்தவர், இடம்பெயர்ந்தவர் என்ற விபரங்களை எழுத வேண்டிய அவசியம் இல்லை. லயத்து முகவரியைக் கண்டு ஒதுக்குவார்களோ என்றும் அஞ்ச வேண்டாம். ஊர், தொலைபேசி, மின்னஞ்சல் போதும். மீதி இடத்தில் செய்த வேலைகளை எழுத வேண்டும்.

நேர்முகப் பரீட்சை

கேட்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். கண்ணைத் தாழ்த்தினால் தன்னம்பிக்கை இல்லை என்று நினைப்பார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் குடும்பக் கதையைக் கேட்கவில்லை. இந்த வேலைக்கு நீங்கள் எப்படிப் பொருத்தம் என்று கேட்கிறார்கள். "மாதர் சங்கத்தில் இருந்தேன்" என்பதோடு நிறுத்தாமல், "30 பேர் கொண்ட சங்கத்தின் கணக்கை 2 வருடம் நான் எழுதினேன்" என்று சொல்ல வேண்டும். செய்யாததைச் சொல்லக் கூடாது. பேட்டி முடிந்து ஒரு நாளுக்குள் நன்றி கூறி மின்னஞ்சல் அனுப்புவது அங்குள்ள வழக்கம்.

தெரிந்தவர்கள்

அங்கும் தெரிந்தவர் மூலம் வேலை கிடைப்பதுண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் வேலை கேட்பதில்லை. "உங்கள் தொழிலைப் பற்றி அறிய 20 நிமிடம் தருவீர்களா?" என்று கேட்டுத்தான் பழக்கம் தொடங்குகிறது. முன்பின் தெரியாதவரிடம் இப்படிக் கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

விசா விதிகள்

எப்-1 மாணவர் படிப்புக் காலத்தில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். பட்டம் பெற்றபின் அனுமதி எடுத்து, படித்த துறையில் 12 மாதம் வேலை செய்ய இடமுண்டு. விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்கள் மேலும் 24 மாதத்துக்கு விண்ணப்பிக்கலாம். விதிகள் மாறக்கூடியவை. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டபின்பே வேலைக்குச் சேர வேண்டும். அனுமதியின்றி உழைத்தால் படிப்பும் பறிபோகலாம்.

முகவருக்குப் பணம் கட்டுமுன் கொழும்பிலுள்ள புல்பிறைட் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். கலவரத்திலும் இடப்பெயர்விலும் சான்றிதழ்களை இழந்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பயிற்சியை நமது வீட்டிலேயே தொடங்கலாம். மகள் தான் செய்த ஒரு காரியத்தை நிமிர்ந்து நின்று இரண்டு நிமிடம் சொல்லட்டும். "பொம்பளப் புள்ள அதிகம் பேசாதே" என்று இடைமறிக்காமல் கேட்போம். கேட்டு முடிந்ததும், நாம் செய்தவற்றையும் அவளுக்குச் சொல்லிப் பார்ப்போம். வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் நாம். சொல்வதற்கு நம்மிடம் நிறைய இருக்கிறது.