உடம்புக்குள்ளே ஓசி டிக்கெட்!

வில்லியனூரில் கிளம்பி பாகூர்ப் பக்கம் ஒரு ரவுண்டு வந்தால் மருத்துவக் கல்லூரி போர்டுகளாகவே கண்ணில் படும். அரியூரில் ஒன்று, பிள்ளையார்குப்பத்தில் ஒன்று, கிருமாம்பாக்கத்தில் இன்னொன்று. நமக்கெல்லாம் கேட் வரைதான் அனுமதி. உள்ளே போக நீட் மார்க் வேண்டும், அப்புறம் பணமும். அங்கே சொல்லித் தருவதன் அரிச்சுவடியை மட்டுமாவது, திண்ணையில் உட்கார்ந்து மொபைலில் ஓசியில் கேட்கலாமென்றால்? சொல்லும்போதே கை பரபரக்கிறது!

2017இல் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' இணையதளத்தில், உடம்பு எப்படி இயங்குகிறது என்று சொல்லும் உடலியங்கியல் பாடங்கள் இருக்கின்றன. கான்பூர் ஐஐடியின் மைனாக் தாஸ் நடத்திய 'அனிமல் ஃபிஸியாலஜி' அதில் ஒன்று. கடல் தாண்ட ஆசையா? கோர்செரா என்ற இணையதளத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் மனித உடலியங்கியலுக்கென்றே ஓர் அறிமுகப் பாடம் வைத்திருக்கிறது. எம்மா ஜாக்கோய், ஜெனிஃபர் கார்பரி என்று இரண்டு பேராசிரியைகள். இங்கிலீஷ் வேகமாகப் போகிறதா? வேகத்தை முக்காலாக்கி, கீழே எழுத்தை ஓடவிடுங்கள். ஸ்வயத்தில் ஐஐடிகள் தரும் 'என்பிடெல்' பாடங்கள் பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு.

ஜனவரியிலும் ஜூலையிலும் ஸ்வயத்தில் புது வகுப்புகள் திறக்கும். சேர்வது இலவசம். என்பிடெல் வழிப் பாடமென்றால் வாராவாரம் வீடியோ வரும், கூடவே அசைன்மென்ட். அதற்கு 25 மார்க், நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் மட்டும் பரீட்சைக் கட்டணம் கட்டினால் போதும். (முடித்த கையோடு பக்கத்து வீட்டு மாமாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்!)

சரி, லேபுக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். ஒரு வாய்ச் சோற்றைக் குழம்பில்லாமல் வாயில் போட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும்! எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும் வேலையை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அடுத்து, "ஆயா, கையக் கொஞ்சம் குடு" என்று மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 72 என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். துடிப்புக்குச் சுமார் 70 மில்லி என்று வைத்துக்கொண்டால், உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் ரத்தமும் ஒரே நிமிடத்தில் இதயத்தைத் தாண்டிவிடுகிறது. ஆயா பாட்டுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்!

அந்த ரத்தத்திலுள்ள ஒரு சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். நம்மூர் நெல்லுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான். செத்ததை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் 20 லட்சம் அணுக்களை உருவாக்கித் தள்ளுகிறது. இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள்.

வயிற்றுக்குள் நடப்பது எப்படித் தெரிந்தது? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1822இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனின் வயிற்றில் குண்டடி பட்டது. பிழைத்துவிட்டான், ஓட்டை மட்டும் மூடவேயில்லை. டாக்டர் வில்லியம் பியூமான்ட் பட்டு நூலில் உணவைக் கட்டி, அந்த ஓட்டை வழியாக இரைப்பைக்குள் இறக்கி, நேரம் பார்த்து வெளியே இழுத்து ஆராய்ந்தார். வயிறு என்ன செய்கிறது என்று மனிதன் எட்டிப் பார்த்தது இப்படித்தான். பாவம் செயின்ட் மார்ட்டின், அவனை யார் கேட்டார்கள்!

மொபைலில் படிப்பது புதிதென்றாலும், உயர்கல்வி பாகூருக்கு ஒன்றும் புதிதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாக விட்டதைச் சொல்கின்றன பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள். உடலியங்கியலுக்கு இன்று ஊரெல்லாம் எழுதி வைக்க வேண்டியதில்லை, டேட்டா பேக் போதும்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு வடிகட்டுவது ஏறத்தாழ 180 லிட்டர். வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர் சொச்சம். மிச்சமெல்லாம் எங்கே போகிறது? நான் சொல்ல மாட்டேன், பாடத்தில் சேர்ந்து பாருங்கள்.